உதட்டில் இருந்த பாட்டு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வயதில் எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். இதே கேள்விகளோடு வேறு பிள்ளைகளும் வருவதால், எல்லாரும் படிக்கும்படி இங்கேயே பதில் சொல்கிறேன். உன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

நீ எழுதியது இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் கருவிகளைப் பற்றி. ஆறாம் படிவத்தில் படிக்கும் ஆறு பேர், ஒரு பாட்டு, சுங்கை சிப்புட் பக்கம் பாட்டி பால் வெட்டிய தோட்டம், கையில் மூன்று வாரம். நல்ல கேமரா ஈப்போவில் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், ட்ரோன் வைக்கலாமா, உதடசைவைப் பாட்டோடு எப்படிப் பொருத்துவது என்று கேட்டிருக்கிறாய். முடிக்கும்போது, “பாட்டி பழைய பாட்டு ஒன்று பாடுவார், ஆனால் அது வீடியோவுக்குச் சரிவராது” என்று எழுதி, உடனே நன்றி சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாய். என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேமரா வாடகைக்கு வேண்டாம். அந்தக் காசில் ஆறு பேரும் பசியாறுங்கள். உங்களிடம் இருக்கும் கைப்பேசியே போதும். ஆனால் அதை அதன் போக்கில் விட்டுவிடக் கூடாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியோ நொடிக்கு 30 படம் எடுத்துப் பழகியது. பள்ளி மண்டபத்திலோ கோயில் கொட்டகையிலோ விளக்கடியில் எடுத்தால் படத்தில் வரிவரியாக நிழல் ஓடும். நொடிக்கு 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று பூட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம், அதில் இதையெல்லாம் பூட்டலாம். பூட்டாவிட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. வெளிச்சம் குறைந்ததும் கைப்பேசி தானாகவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். பாட்டு தொடங்கும்போது சரியாக இருந்த உதடு, நாலாவது நிமிடத்தில் எங்கோ போய்விடும்.

முகத்தை வெளுக்க வைக்கும் அழகு வடிகட்டியையும் அணைத்துவிடு. உங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெயிலில் கறுத்த முகங்களைப் பற்றிப் பாட்டு எழுதிவிட்டு, அதை மாவு பூசிய முகத்தோடு பாடினால் எப்படி?

உதடசைவுக்கு வருவோம். இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். கேமராவையும் ஒலிபெருக்கியையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பாடுகிறவளை நான்கு மரம் தள்ளி நிறுத்தினால் 36 மீட்டர். பாட்டு அவள் காதுக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். நொடிக்கு 25 படம் என்றால் அது இரண்டரைப் படம். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று தோன்றும். ஒலிபெருக்கியைப் பாடுகிறவள் காலடியில், மரத்துக்குப் பின்னால் மறைத்து வை. கேமராவில் பதிவாகும் ஒலி அப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே தொலைவில் எடுத்த காட்சிகளை ஒலிக்கோட்டைப் பார்த்துப் பொருத்தாதே, உதட்டைப் பார்த்துப் பொருத்து. ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் உதடு மூடும். அதுதான் உனக்கு ஆணி.

இன்னொன்று. வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதே. தொண்டை நரம்பு தெரியப் பாடச் சொல். பாடாத கழுத்தைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

நீ கேட்ட மெதுவோட்டக் காட்சிக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவள் அதே வேகத்தில் பாட, நொடிக்கு 50 படம் எடுக்க வேண்டும். பிறகு 25-இல் ஓடவிட்டால் உதடு பாட்டோடு சரியாக நிற்கும், துப்பட்டாவும் முடியும் மட்டும் கனவில் போல அசையும். எடுக்கும்போது பாட்டு எலி கத்துவது போல இருக்கும். எல்லாரும் சிரித்து முடிக்கட்டும், அதற்குப் பிறகு எடு.

ட்ரோன் வேண்டாம். சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் ஈப்போ நகரை ஒட்டியே இருக்கிறது, அங்கே அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. தோட்டத்துப் பக்கம் அனுமதி வாங்கிவிட்டாலும் எனக்கு ஆசையில்லை. மேலிருந்து பார்த்தால் செம்பனை பேராக்கிலும் ஒன்றுதான், ஜோகூரிலும் ஒன்றுதான், சுமத்ராவிலும் ஒன்றுதான். உன் பாட்டி அந்த நிலத்தை மேலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் தலைவிளக்கு வெளிச்சத்தில் மார்பு உயரத்துக்கு ஒரு பட்டை.

இடங்களைப் பற்றிய உன் பட்டியலில் ஈப்போ ரயில் நிலையம், ஒப்பந்தம் செய்தது போல எல்லாரும் படம் பிடிக்கும் அந்தச் சந்து, எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள். அழகான இடங்கள்தான், ஆனால் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். உங்கள் முறை வருவதற்குள் மழை வந்துவிடும். மழை வராத மாலை ஈப்போவில் அபூர்வம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புந்தோங்குக்குப் போ. கச்சாங் பூத்தே செய்யும் குடும்பங்கள் அங்கே ஒரு கம்பமாகவே இருக்கின்றன. முன்னோர் எட்டயபுரத்துக்காரர்கள், பாரதி பிறந்த அதே ஊர். அங்கே கண்ணை மூடிக்கொண்டு நில். வாணலியில் கடலை புரளும் சத்தம், முறுக்கு எண்ணெயில் இறங்கும் சத்தம், பொட்டலம் கட்டும் சத்தம். அதில் ஒரு தாளம் கிடைக்காவிட்டால் என்னைக் கேள்.

பத்து காஜா பக்கத்து கெல்லி மாளிகையையும் குறித்திருக்கிறாய். முடியாமல் நின்றுபோன அந்த மாளிகையை எல்லாரும் எடுக்கிறார்கள். அதைக் கட்டப் போன தமிழர்களுக்காக எழும்பிய மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. விஷக்காய்ச்சலில் கூலிகள் மடிந்தபோது அவர்கள் கேட்டு வாங்கிய கோயில் அது. மேலே சாமி சிலைகளோடு சிலையாக, தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரையும் நிற்கிறார். மாளிகைக்கு முன்னால் ஆடுவதைவிட அந்தச் சிலையை நான்கு நொடி சும்மா காட்டினால் போதும், உன் பாட்டில் ஒரு சரணம் மிச்சம்.

பாட்டு உங்கள் சொந்தப் பாட்டு என்று எழுதியிருந்தாய். அடுத்த பத்தியில்தான் மெட்டு ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு என்று தெரிந்தது. வரி உங்களுடையது, மெட்டு வேறொருவருடையது என்றால் ஏற்றிய சில மணி நேரத்தில் யூடியூப் கண்டுபிடித்துவிடும். ‘யோகி பி செய்யவில்லையா’ என்று கேட்பாய். 2006-இல் நம் நாட்டு ராப் பாடகர்கள் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பில் 1980-ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து ‘மடை திறந்து’ செய்தார்கள், உண்மை. அந்தப் பாட்டைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோனது பழைய மெட்டு மட்டுமா? அதன் மேல் ஏறி உட்கார்ந்த நம் ஊர் நாக்கும்தான். உங்களிடம் அந்த நாக்கு இருக்கிறது. மெட்டை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

உன் தாமானில் உறுமி மேளக் குழு இருக்கும், இல்லாத தாமான் எது? அவர்களைக் கூப்பிடு. உறுமியைக் கைப்பேசியில் பதிவு செய்வது சிரமம். ‘இரைச்சல் நீக்கு’ என்ற வசதி முதலில் அணைந்திருக்க வேண்டும். தொடர்ந்து ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று நினைத்து அது தின்றுவிடும். உறுமியின் உயிரே அந்த இழுவைதானே. மேளக்காரரிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில், பக்கத்தில் போனால் ஒலி உடைந்துவிடும்.

படங்கள் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டால், மூன்று சொல்வேன்.

முதலாவது இசைக்காணொலியே அல்ல. 2015-இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டம் கைவிட்டுப் போன குடும்பங்கள், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். மலாய் ‘ஜாஹாட்’ நம் வாயில் ‘ஜகாட்’ ஆனது, அதையே தலைப்பாக வைத்தார்கள். அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குத்தான். தோட்டத்தைக் காட்டாமலே தோட்டம் போனதைக் காட்ட முடியும் என்று தெரிந்துகொள்ள அதைப் பார்.

இரண்டாவது ‘சென்னை புறம்போக்குப் பாடல்’, 2017. டி.எம். கிருஷ்ணா பாடியது, வரிகள் கபேர் வாசுகி, இயக்கம் ரதீந்திரன் பிரசாத். எண்ணூரில், சாம்பலும் புகையும் இருக்கும் இடத்திலேயே நின்று பாடுகிறார்கள். ஆட்டம் இல்லை, உடை மாற்றம் இல்லை. இடம்தான் நடிக்கிறது.

மூன்றாவது, நம் ஊர்ப் படம். யாஸ்மின் அகமட் ஈப்போவில் எடுத்த ‘டாலன்டைம்’, 2009. ஒரு பள்ளியில் நடக்கும் திறன் போட்டிதான் கதை, ஆக உங்கள் வயதுப் பிள்ளைகள். படம் முழுக்கப் பாட்டு. ஆனால் நாயகன் மகேஷ் காது கேளாத தமிழ்ப் பையன். அவன் நேசிக்கும் பெண் மேடையில் பாடும்போது அரங்கமே உருகுகிறது, அவனுக்கு அவள் உதடு மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தபோது பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று சொன்னால்தான் பாட்டியின் பாட்டைப் பற்றி நீ எழுதிய அந்த வரிக்கு நான் பதில் சொல்ல முடியும்.

நான் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். தோளில் வைத்து எடுக்கும் விஎச்எஸ் கேமரா, வீட்டில் இரண்டு டெக்கு, அதுதான் என் ஸ்டூடியோ. 1994-இல் எங்கள் தோட்டம் கைமாறப் போகிறது என்று தெரிந்ததும், கடைசித் திருவிழாவை வந்து எடுக்கச் சொல்லி மாரியம்மன் கோயில் கமிட்டியில் கேட்டார்கள். காசு வாங்கவில்லை, என் அம்மா வெட்டிய தோட்டம் அது. தீமிதி முடிந்து, கூட்டம் கலைந்து, இரவு பதினொரு மணி இருக்கும். கோயிலுக்குப் பின்னால், பழைய ஆயாக் கொட்டகைத் திண்ணையில் ஏழெட்டுக் கிழவிகள் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். கைதட்டித் தாளம். ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பேட்டரி தீர்கிற வரைக்கும் நாலு நிமிடம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது எனக்கு அது சலிப்பாக இருந்தது. இப்போது எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. சுருதி சேரவில்லை, நடுவில் நாய் குரைக்கிறது, யாரோ இருமுகிறார்கள். ‘வீடியோவுக்குச் சரிவராது’ என்று நினைத்தேன். உன் கடிதத்தில் இருந்த அதே சொற்கள். டெக்கில் ‘ஆடியோ டப்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் படம் அப்படியே இருக்கும், நாடாவின் ஓரத்தில் இருக்கும் ஒலித்தடத்தில் மட்டும் புதிய ஒலி ஏறும். பழையது அழியும். விலை உயர்ந்த டெக்குகளில் படத்தோடு சேர்ந்து இன்னொரு ஒலித்தடம் இருக்கும், அது அழியாது. என் கேமராவுக்கு இருந்தது ஒரே தடம். அந்தச் சமயம் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை அதில் ஏற்றினேன். கமிட்டிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. லயத்தில் வீட்டுக்கு வீடு நாடா பிரதி போனது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் வீடு தேடி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பாடியவர்களில் வரி எடுத்துக் கொடுத்தவர் அவர் அம்மா. இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. “குரல் மட்டும் ஒரு தடவை கேட்கணும், அண்ணே” என்றார். மூல நாடாவைப் போட்டேன். அவர் அம்மா வாயைத் திறக்கிறார், கை தட்டுகிறார், ஒரு இடத்தில் சிரித்துவிட்டுத் தொடர்கிறார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. அவர் எழுந்து போய் ஒலியைக் குறைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் நான்கு நிமிடத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

‘டாலன்டைம்’ பார்த்தபோது ஏன் எழுந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். உதடசைவைப் பற்றிய உன் மூன்றாவது கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியதும் அதனால்தான்.

ஆகவே உன் வேலையின் வரிசையை மாற்று. முதல் நாள் யாரும் கேமராவைத் தொடக் கூடாது. பாட்டியிடம் போய் உட்கார். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, ஒலியை மட்டும் பதிவு செய். மின்விசிறியை அணைத்துவிடு. கைப்பேசியை மேசை மேல் வைக்காதே, மடித்த துண்டின் மேல் வை, பாட்டியின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. பாடச் சொல்லி ஆரம்பிக்காதே, வெட்கப்படுவார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு என்ன மணி அடித்தது என்று கேள். எங்கள் தோட்டத்தில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தார்கள், விடிய இன்னும் நேரம் இருக்கும். பால் பிடிக்கும் மங்கு கழுவும் சத்தம், தோளில் காவும் காண்டாவாளி நடைக்கு நடை கிறீச்சிடுவது, வெயில் ஏறியதும் ரப்பர்க்கொட்டை வெடித்து இலைமேல் விழுவது, ஸ்டோரில் பால் ஊற்றுவது. இதையெல்லாம் அவர் வாயாலேயே சத்தமாகச் செய்து காட்டுவார். அந்தத் தலைமுறைக்கு அது வரும். அதற்குப் பிறகு பாட்டு தானே வரும். நடுவில் நிறுத்தி ‘இன்னொரு தடவை’ என்று கேட்காதே. இருமினால் இருமட்டும். நாய் குரைத்தால் குரைக்கட்டும்.

உண்மையான வெட்டுக்கத்திச் சத்தம் வேண்டுமென்றால் கோலகங்சார் பக்கம் போ. அங்கே நில அலுவலகத்துக்கு அருகே 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய மரம் என்று ஒன்றை வேலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையோடு நிற்கும் மரம், அதில் சத்தம் ஒன்றும் வராது. சுற்றுவட்டாரத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் சிறுதோட்டங்களில் இன்னும் பால் வெட்டுகிறார்கள். விடியற்காலையில் போய்ப் பணிவாகக் கேட்டால் பக்கத்தில் நிற்க விடுவார்கள். கத்தி பட்டையில் இழுபடும் அந்தச் சரக்கென்ற ஒலி ஒரு நொடிதான். ஆனால் அதை அடுக்கினால் உன் பாட்டுக்கு அதுவே தாளக்கட்டு. கேமரா அதற்குப் பிறகு வரட்டும். பாட்டி பாடிய பாட்டின் மேல் உங்கள் பாட்டு ஏறுமா, கீழே இறங்குமா, பக்கத்தில் நிற்குமா என்று நீங்கள் ஆறு பேரும் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள். பாடகர் அறிவு 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டி வள்ளியம்மாளைக் காணொலியிலேயே உட்கார வைத்தார். அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டியதில்லை. பாட்டி வீடியோவுக்குச் சரிவருவார் என்று நம்பினால் போதும்.

எழுத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அடிவரி கட்டாயம் போடு. சில தொகுப்புச் செயலிகளில் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறும். முடிந்ததும் ‘கொ’, ‘போ’, ‘தை’ மூன்றையும் பெரிதாக்கிப் பார். 1985-இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். ஆப்பிள் கருவிகளில் ‘எம்என்’ என்று முடியும் தமிழ் எழுத்துரு இருந்தால், அது அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். இப்படி ஒருவர் உழைத்துக் கொடுத்த பிறகும் நாம் எழுத்தைச் சிதறவிட்டால் மன்னிப்பே இல்லை. ஆங்கிலத்தோடு நிற்காமல் மலாயிலும் அடிவரி போடு. ‘மங்கு’ என்று பாட்டி சொல்லும்போது கீழே ‘மங்குக்’ என்று வந்தால், ‘காண்டா’வுக்குக் கீழே ‘கண்டார்’ என்று வந்தால், பார்க்கிற மலாய்க்காரப் பிள்ளை ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காரும்.

அன்புடன்,
புந்தோங்கிலிருந்து ஒரு பழைய வீடியோக்காரன்

பி.கு.: அந்த 1994 நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது, கணினிக்கும் மாற்றிவிட்டேன். ஒலியை அணைத்துவிட்டு அந்த நாலு நிமிடத்தையும் உனக்கு அனுப்புகிறேன். உன் பாட்டியும் அந்த வட்டாரத்துக்காரர், அந்த வயதுக்காரர். கைதட்டுவதில் தாளம் தெளிவாகத் தெரிகிறது, உதடும் தெரிகிறது. இரண்டு மூன்று தடவை போட்டுக் காட்டு. அது என்ன பாட்டு என்று அவருக்குத் தெரிந்தால், அவர் பாடுவதைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. லாரிக்காரர் எண் என்னிடம் இருக்கிறது.